மூடினால் போதும்

மருமகன் காற்சட்டைப் பையைக் கையால் அழுத்திப் பிடித்தபடி பட்டறைக்குள் வந்தான். நடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காலில் அடிபட்டிருக்கிறது என்றுதான் கத்திக்காரர் முதலில் நினைத்தார்.

பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து வேலை மேஜையில் வைத்துப் பிரித்தான். உள்ளே ஒரு மடக்குக் கத்தி, திறந்தபடி. கைக்குட்டையில் இரண்டு இடத்தில் காய்ந்த ரத்தம்.

"மூட மாட்டேங்குது மாமா."

ஐந்து மாதமாக அதைத் திறந்தபடியே சுமந்திருக்கிறான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவானோ, அத்தனை தடவையும் அது தொடையில் குத்தியிருக்கும். வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமே என்று கத்திக்காரர் கேட்கவில்லை.

கத்தி அவர் செய்ததுதான். மகளுடைய பதினோராவது பிறந்தநாளுக்குச் செய்தது. மாட்டுக்கொம்புப் பிடி, இரண்டு பித்தளை ஆணி, சுண்டுவிரல் நீள அலகு. அலகை நகத்தால் இழுத்துத் திறக்க ஒரு சின்னக் குழி வெட்டுவார்கள். மற்றக் கத்திகளில் அந்தக் குழி ஒரு பக்கம் இருக்கும், இதில் எதிர்ப்பக்கம். அவள் இடக்கைக்காரி. வீட்டில் நொட்டாங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். என் நொட்டாங்கைக்கென்றே குழியை மாற்றி வெட்டினேன் என்று அந்த வருடம் முழுக்கப் பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

அவள் வளர்ந்து நாற்றுப்பண்ணையில் வேலைக்குப் போனாள். மரக்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுகிற வேலை. கத்தியும் கூடவே போனது. இருபத்தொரு வருடம் அவள் பையிலேயே கிடந்தது. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலையில் கன்றுகளின் வரிசைக்கு நடுவே அவள் விழுந்தபோதும் கையில் அதுதான் இருந்தது. மூளையில் ஒரு நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். கத்தி சிமென்ட் தரையில் போய் மோதியதில் அலகு சுழலுகிற ஆணி வளைந்துவிட்டது. பண்ணையில் யாரோ அதையும் அவள் மூக்குக் கண்ணாடியையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மருமகன் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

"மூடினாப் போதும் மாமா. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"இதென்ன பெரிய வேலையா? அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க மாப்பிள்ளை."

மருமகன் தேநீர் குடித்தான். மழை வரும்போல் இருக்கிறது என்றான். ஆமாம் என்றார். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள எப்போதும் நடுவில் அவள் வேண்டியிருந்தது. கிளம்பும்போது காலிப் பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு நேராக நடந்து போனான்.

அதன் பிறகுதான் கத்திக்காரர் கத்தியைக் கையில் எடுத்தார்.

அலகு பாதியாகியிருந்தது. நேராக இருந்த விளிம்பு உள்வாங்கி, தேய்பிறைபோல் வளைந்திருந்தது. ஒரு பக்கம் முழுத் தட்டை. மறுபக்கம் முழுச் சரிவு. ஒரு கத்தியை இரண்டு பக்கமும் சமமாகத் தீட்ட வேண்டும் என்பது கல்லைத் தொடுகிற யாருக்கும் தெரிந்த விஷயம். அவளுக்கு மட்டும் அது கடைசிவரை ஏறவில்லை. சின்ன வயதிலேயே கை சாயும். மணிக்கட்டை நேராக வை என்று தலைபாடாக அடித்துக்கொண்டிருக்கிறார். உன் கத்தியைப் பார்த்தால் என் மானம் போகிறது, கொடு, நான் தீட்டித் தருகிறேன் என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். அவள் கொடுத்ததே இல்லை. கல்யாணமாகி வீட்டுக்கு வந்து போகும்போதுகூட, அவர் கண் பையின் பக்கம் போனால் போதும், கையால் மூடிக்கொள்வாள்.

"அப்பா, தொடக் கூடாது."

அலகின் நுனிக்குக் கொஞ்சம் கீழே, விளிம்பு உடைந்து ஒரு பல் விழுந்திருந்தது. அரிசி அளவுகூட இருக்காது. கம்பியையோ ஆணியையோ வெட்டியிருக்கிறாள். அதைக்கூடத் தீட்டி எடுக்காமல் விட்டிருக்கிறாளே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபப்பட ஆள் இல்லை என்பது ஒரு நொடி கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காது டாக்டர் வந்தார். ஓய்வு பெற்ற காது மூக்கு தொண்டை டாக்டர். கத்தி சேகரிப்பவர். கத்திக்காரர் செய்ததில் மட்டும் நாற்பத்தி மூன்று அவரிடம் இருந்தன. கத்தியை வாங்கினால் முதலில் காதருகே வைத்துத் திறப்பார், மூடுவார். அந்தச் சத்தம் சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு பார்ப்பார். அதற்குப் பிறகு அந்தக் கத்தி எதையும் வெட்டாது. அவர் வீட்டில் ஆப்பிளைக் கடித்துத்தான் தின்ன வேண்டும் என்பாள் கத்திக்காரரின் மனைவி.

புதிதாக ஒன்றும் இல்லை என்று கத்திக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாக்டரின் கண் மேஜை ஓரத்துக்குப் போய்விட்டது.

"அது யாரோடது மாஸ்டர்?"

மகளுடையது என்றார். தீட்டியிருக்கிற லட்சணத்தைப் பாருங்கள் என்று சிரிக்கவும் பார்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழச்சாறும் மரப்பாலும் பட்டுப் பட்டு அலகு மழை மேகத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. நுனியில், அவள் விழுந்த அன்றைக்கு வெட்டிய மரத்தின் பால் கறுத்து ஒட்டியிருந்தது.

"இந்தப் பட்டறையில நான் பாத்ததுலயே இதுதான் நல்ல கத்தி," என்றார்.

நாற்பத்தி மூன்று கத்தி வாங்கியவர் சொல்கிறார். கத்திக்காரருக்கு எங்கோ சுருக்கென்றது.

டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. பிடித்த கத்தி எதைப் பார்த்தாலும், தன்னுடையதாக இல்லாவிட்டாலும், ஒரு நோட்டில் படுக்கவைத்துச் சுற்றிலும் கூர்பென்சிலால் கோடு இழுத்துக்கொள்வார். மெதுவாக, மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பார். இதையும் இழுத்தார். அந்தப் பல் விழுந்த இடத்தில் பென்சில் உள்ளே போய் வெளியே வந்தது. கீழே தேதி எழுதினார். நோட்டை மூடிய பிறகும் போகாமல் நின்றார்.

"இதை ஒண்ணும் பண்ணிடாதீங்க மாஸ்டர். துடைக்கக்கூட வேண்டாம்."

"நீங்க எல்லாக் கத்திக்கும் அதத்தான சொல்வீங்க டாக்டர்?"

"ஆமா. ஆனா மத்ததெல்லாம் ஆசைக்குச் சொல்றது."

புதன்கிழமை வேலையை எடுத்தார். வளைந்த ஆணியின் தலையை அரத்தால் ராவி, அடித்து வெளியே தள்ளினார். புது எஃகுக் கம்பி வெட்டி, துளையில் இறக்கி, சின்னச் சுத்தியலால் இரண்டு தலையையும் தட்டித் தட்டிப் படிய வைத்தார். பிடிக்குள் இருக்கும் வில்பட்டைக்கு ஒரு சொட்டு எண்ணெய். கத்தி மூடியது. டப் என்ற சத்தம். சுத்தமான சத்தம், டாக்டர் கேட்டிருந்தால் கண்ணை மூடியிருப்பார். எல்லாமாகச் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கேட்டது அவ்வளவுதான். முடிந்தது.

முடிந்துவிட்டது என்பதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது. அவள் விழுந்த அன்று அவர் இந்த மேஜையில்தான் இருந்தார். செய்தி வந்து, பஸ் பிடித்து, ஆஸ்பத்திரிப் படியேறும்போது எல்லாம் அடங்கிவிட்டிருந்தது. கையெழுத்துப் போட்டது, தூக்கியது, குழியில் மண் தள்ளியது, எல்லாம் மற்றவர்கள். அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஐந்து மாதமாக அந்த நாற்காலியிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். இப்போது அவள் பொருள் ஒன்று கையில் இருக்கிறது. அவளுக்கென்று செய்ய ஒரு வேலை. தொடக் கூடாது என்று சொல்ல யாரும் இல்லை.

கல்லை நனைத்தார்.

முதலில் அந்தப் பல்லை மட்டும் எடுத்துவிடலாம் என்றுதான் வைத்தார். பல் போனதும் நுனி ஒத்துவரவில்லை. நுனியைச் சரிசெய்தார். பிறகு வளைவு கண்ணை உறுத்தியது. வளைவை நிமிர்த்த வேண்டுமானால் தட்டைப் பக்கத்திலும் சரிவு எடுக்க வேண்டும். எடுத்தார். இருபத்தொரு வருடமாகச் செய்ய விடாத வேலை. கை தானாக ஓடியது. மணிக்கட்டு நேராக இருந்தது. கல்லில் சாம்பல் நிறச் சேறு படிந்தது, கழுவினார், மறுபடி படிந்தது, மறுபடி கழுவினார். கடைசியில் அந்த மேகக்கறை அசிங்கமாகத் தெரியவே எண்ணெயும் உப்புத்தாளும் போட்டு அதையும் தேய்த்து எடுத்தார். ஐந்து மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது.

நெற்றியில் வேர்வையோடு அடுக்களைக்குப் போனார். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியைத் திறந்து அவள் முன்னால் நீட்டினார்.

"பாரு. இப்பதான் கத்தி மாதிரி இருக்கு."

அவள் பார்த்தாள். அலகைப் பார்த்தாள்.

"யாரோடது?"

விளையாடுகிறாள் என்று நினைத்தார். பிடியைப் பார் என்றார். அவள் பிடியைப் பார்த்தாள். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கத்தியை வாங்கி, அலகை இப்படியும் அப்படியும் திருப்பி எதையோ தேடினாள். கொஞ்ச நேரம் தேடினாள். கிடைக்கவில்லை. கத்தியைத் திருப்பி அவர் கையில் வைத்துவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டாள்.

ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கத்திக்காரர் பட்டறைக்குத் திரும்பினார். கல்லைப் பார்த்தார். தொட்டியில் கழுவிவிட்ட தண்ணீர் அடியில் சாம்பலாகப் படிந்திருந்தது. அதில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். அவள் கை போன போக்கெல்லாம், ஒவ்வொரு வருடமும், அந்தக் கலங்கலில் கிடந்தது. அந்தத் தண்ணீரைக் கொட்டவும் முடியாமல் தொட்டியை அப்படியே மூடி வைத்தார்.

மறுநாள் டாக்டர் வீட்டுக்குப் போனார். இத்தனை வருடத்தில் முதல்முறை. டாக்டரின் அறையில் சுவர் முழுக்க ஆழமில்லாத இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் கம்பளித் துணி விரித்து வரிசையாகக் கத்திகள், ஓரங்களில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள். தன் கத்திகளைக் கண்டார். எல்லாம் நேற்று செய்ததுபோல் இருந்தன. எதுவும் தேயவில்லை. எதிலும் யாரும் இல்லை.

டாக்டரிடம் நோட்டைக் கேட்டார். எதற்கென்று சொல்லவில்லை. கத்தியை எடுத்து வைத்தார், அதுவே போதுமாக இருந்தது. ஒரு கத்தியில் விரல் ரேகை பட்டால் அரை மணி நேரம் உயிரை வாங்குகிற மனிதர். இப்போது நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, கத்தியை அதன் மேல் படுக்கவைத்தார். பிடி கோட்டுக்குள் சரியாக உட்கார்ந்தது. அலகு உட்காரவில்லை. பென்சில் கோட்டுக்கும் எஃகுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கீற்று. வெட்டிய நகத்தின் அகலம் இருக்கும்.

இரண்டு பேரும் அந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திருப்பிக் கொண்டுவரலாமான்னு பாக்குறேன் டாக்டர். ஞாயித்துக்கெழம மாப்பிள்ளை வர்றாரு."

"இரும்பு வளராது மாஸ்டர்."

"தெரியும். சாயலாவது."

டாக்டர் ஒரு அடிமட்டத்தை வைத்து அந்தத் தாளைக் கிழித்தார். தன்னிடம் வந்த எதையும் அவர் வெளியே விட்டதில்லை. மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கொடுத்தார். வாசல்வரை வந்தார்.

"என் மேல தப்பு. அன்னைக்கே வெலைக்குக் கேட்டு உங்ககிட்டருந்து வாங்கியிருக்கணும். நீங்க திட்டியிருப்பீங்க. கத்தி பொழச்சிருக்கும்."

சனிக்கிழமை காலை கத்திக்காரர் தாளை எதிரே சுவரில் செருகிவிட்டுக் கல்லை நனைத்தார். அவள் செய்தது தப்பு. தெரிந்த தப்புதானே, வேண்டுமென்றே செய்தால் ஆயிற்று. வலக்கையால் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். கை கேட்கவில்லை. ஐம்பது வருடப் பழக்கம், நாலு இழுப்பில் தானாக நேராகிவிடுகிறது. கத்தியை இடக்கைக்கு மாற்றினார்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் இருந்தது. நின்ற இடம் ஒத்துவராமல் மேஜையின் மறுபக்கம் போனார். சிறுமியாக அவள் கல்லோடு மல்லுக்கட்டிய பக்கம். அங்கே நின்று இடக்கையால் இழுத்தபோது, அவர் ஒன்றும் செய்யாமலே, முழங்கை விலாவில் முட்டி, மணிக்கட்டு மடங்கி, அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நேராக வைக்கப் பார்த்தார். வைக்க முடியவில்லை. கல் இருந்த உயரம் அவருடைய வலக்கைக்கு ஏற்ற உயரம். அவளுக்கென்று அதை அவர் ஒருநாளும் நகர்த்தி வைத்ததில்லை.

அரை மணி நேரத்தில் தட்டை ஒரு பக்கமும் சரிவு ஒரு பக்கமும் வந்துவிட்டது. வாசலில் நின்ற செடியிலிருந்து பென்சில் பருமனில் ஒரு குச்சி ஒடித்துவந்தார். முதலில் அவர் செய்த ஒரு சாதாரணக் கத்தியை இடக்கையில் பிடித்து, அவள் ஒட்டுக் கட்ட வெட்டுவதுபோல் குச்சியைச் சாய்வாக வெட்டினார். அலகு உள்ளே குடைந்து போய்க் குழி விழுந்தது. பிறகு அவள் கத்தி. தட்டைப் பக்கம் மரத்தோடு படிந்தது. ஒரே இழுப்பு. வெட்டுவாய் கண்ணாடிபோல் இருந்தது. எந்தத் தளிரை வைத்தாலும் இடைவெளியில்லாமல் ஒட்டும்.

குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அது தப்பே இல்லை. பதினொரு வயதில் கை சாய்ந்தது தப்பாகவே இருக்கட்டும். ஆனால் அந்தச் சாய்வுதான் அவளுக்குப் பிழைப்பானது. ஒட்டுக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு வேண்டும். அதுவும் அவருக்குத் தெரியாததல்ல. பண்ணைக்காரர்களுக்கு அவரே செய்து கொடுத்திருக்கிறார். வலக்கைக்காரர்களுக்கு வலப்பக்கம் சரிவு.

அப்போதுதான் கல்யாணக் கத்தி ஞாபகம் வந்தது.

அவள் கல்யாணத்துக்கு ஒரு ஒட்டுக் கத்தி செய்து கொடுத்தார். அந்த மாதம் ஒரு பண்ணைக்கு ஆறு கத்தி செய்தார், ஏழாவது அவளுக்கு. நகக்குழியை மறக்காமல் எதிர்ப்பக்கம் வெட்டினார், அதில் அவருக்கு ஏகப் பெருமை. சரிவு? ஆறு கத்திக்கு ஓடிய கை ஏழாவதுக்கும் அப்படியே ஓடியிருக்கும். வேறு எப்படி ஓடும்? ரொம்ப அழகாக இருக்கிறதப்பா என்றாள் அவள். ஒருநாளும் பையில் போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டதற்குப் பழசு பழகிப்போச்சு என்றாள். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

அந்த ஒரு வாரத்தை நினைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது எழுந்து போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தான். கத்திக்காரர் மூடிய கத்தியை மேஜையில் வைத்திருந்தார். தாள் அட்டைக்குள் இருந்தது. சாயல் வந்திருந்தது. வளைவு வந்திருந்தது. கறைக்குக்கூட ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டி ஒரு நாள் செருகி வைத்து ஏதோ ஒரு சாம்பல் நிறம் வரவழைத்திருந்தார். பல்லை மட்டும் திரும்ப உடைக்கக் கை வரவில்லை. அலகுதான் இன்னும் ஒல்லியாகியிருந்தது. கவனிக்காவிட்டால் தெரியாது. பஸ் ஓட்டுகிறவனுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும் என்று காலையிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

மருமகன் கத்தியை எடுத்தான். திறந்தான். மூடினான். டப். முகம் கலைந்தது.

"மூடுது," என்றான். "இந்தச் சத்தம் மாமா. சாயங்காலம் நான் வந்து கதவத் தொறந்தா உள்ளருந்து இந்தச் சத்தம் கேக்கும். மூடி வச்சிட்டு எந்திரிச்சு வருவா."

கத்தியைப் பையில் போட்டுக்கொண்டான். நன்றி சொல்லத் தெரியாமல் மேஜையைத் தடவினான். கத்திக்காரர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவன் போயிருப்பான். அவர் திறக்கவும் இல்லை. ஆனால் அவன் போகிறவன் போகாமல், நின்றபடியே பையில் கையை விட்டு, கத்தியை மறுபடி எடுத்துத் திறந்தான். பழக்கம்போல. கண் வேறெங்கோ பார்க்க, கட்டைவிரல் மட்டும் அலகின் நுனிக்குக் கீழே போய் நின்றது. அங்கே மேலும் கீழும் அசைந்தது. பிறகுதான் குனிந்து பார்த்தான்.

"இங்க ஒரு பல்லு இருந்துச்சு மாமா."

கத்திக்காரர் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் ஒடச்சது. கல்யாணமான புதுசுல. அவ கத்தின்னு தெரியாம கம்பிய வெட்டிட்டேன். ரெண்டு நாள் பேசல. அப்புறம் தீட்டி எடுத்துடேன்னு எத்தன தடவ சொல்லியும் எடுக்கல. இருக்கட்டும், என்னைக்காவது நீ சண்டைக்கு வந்தா எடுத்துக் காட்டணும்னு சொல்வா."

விரல் இன்னும் அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது. கத்திக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். பல்லிலிருந்து ஆரம்பித்தார். அதுதான் முதலில் போனது. நுனி, வளைவு, தட்டை, கறை, டாக்டரின் நோட்டு, இடக்கை, குச்சி. எதையும் குறைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற வாக்கியம் ஒன்றைக் காலையிலேயே யோசித்து வைத்திருந்தார், அது வரவில்லை. அதற்குப் பதிலாகக் கல்யாணக் கத்தியைப் பற்றிக் கேட்டார்.

மருமகன் அலகிலிருந்து விரலை எடுத்தான்.

"அலமாரியில பெட்டியோட இருக்கு. முத நாளே எடுத்துட்டுப் போனா. அன்னைக்கு வெட்டினது ஒண்ணும் ஒட்டல. வலது கைக்கு அடிச்சிட்டாரு அப்பான்னு சிரிச்சா. யாருக்காவது குடுத்துடேன்னேன். குடுக்க மாட்டேன்னுட்டா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நகக்குழி மட்டும் ஞாபகமா மாத்தி வெட்டியிருக்காரு, இதச் சொன்னா ஒடஞ்சிருவாருன்னா. அப்பாகிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கினா." மருமகன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சொல்லிட்டேன்."

கத்திக்காரர் அட்டையைப் பிரித்துத் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தார். மருமகன் பென்சில் கோட்டைப் பார்த்தான். கட்டைவிரலை அலகின் கோட்டில் வைத்து நகர்த்திக்கொண்டே போய், கோடு உள்ளே போய் வெளியே வருகிற இடத்தில் நிறுத்தினான். அங்கேயே வைத்திருந்தான். தாளில் ஒன்றும் தட்டுப்படாது. ஆனாலும் எடுக்கவில்லை.

பிறகு தாளை அட்டைகளுக்கு நடுவே வைத்து, சட்டைக்குள் மார்போடு செருகி, பொத்தானைப் போட்டுக்கொண்டான். கத்தியை மூடி மேஜையில் வைத்தான்.

"இதயும் கொண்டுபோங்க மாப்பிள்ளை."

"இல்ல மாமா." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கத்திக்காரர் பிடித்துக்கொண்டிருப்பார். "இது உங்க கத்தி. நீங்க வச்சுக்கங்க."

அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நேராகத்தான் நடந்தான். ஒரு கை மட்டும் நெஞ்சில் இருந்தது.

உள்ளேயிருந்து மனைவி, மாப்பிள்ளை போயாச்சா என்று கேட்டாள். போயாச்சு என்றார்.

"கத்திய எடுத்துட்டுப் போனாரா?"

கத்திக்காரர் கத்தியை எடுத்தார். இடக்கையில் பிடித்து, நகத்தைக் குழியில் வைத்துத் திறந்தார். அவள் கேட்கும்படி மூடினார்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.